குழந்தை கையில் எந்தப் பசை?

போன கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அயரலாம் என்று நினைத்தேன். வாசலில் ஆட்டோ சத்தம். எங்கள் திருமலைராயன்பட்டினத்தில் ஞாயிறு மத்தியானம் வைத்தியர் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றால் ஒன்று வயிற்றுப்போக்காக இருக்கும், இல்லையென்றால் தேள் கடியாக இருக்கும். அன்று இரண்டும் இல்லை.

ஏழு வயதுப் பையன். வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. பொம்மை விமானத்தின் வால் என்று பிறகு தெரிந்தது.

"பிரிச்சுப் பார்த்தேன் டாக்டர், வரலை. லேசா தோல் உரிஞ்சிடுச்சு" என்றார் அப்பா.

"இழுக்காதீங்க இழுக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே!" இது அம்மா.

பையன் அழவே இல்லை. "டாக்டர் தாத்தா, வால் உடைஞ்சிடுமா?" என்றுதான் கேட்டான். அவன் கவலை அவனுக்கு!

ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, குளிக்கிற சோப்பைக் கரைத்து, கையை அதில் வைக்கச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்து ஓரத்தில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, ஸ்பூனின் மழுங்கிய காம்பை மெதுவாக உள்ளே உருட்டினேன். நேராக இழுக்கக் கூடாது. வாழைப்பழத் தோலை உரிக்கிற மாதிரி ஓரத்திலிருந்து பிரித்துக்கொண்டே போக வேண்டும். இருபது நிமிடத்தில் விரல்கள் விடுபட்டன. வாலும் உடையவில்லை.

மருந்தே இல்லாத வைத்தியம். ஃபீஸ் வாங்கவும் கூச்சமாக இருந்தது. ஆனால் அவர்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டபோது, இது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது, இதைவிட மோசமாகவும் நடக்கக்கூடியது என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பெட்டியில் எல்லாம் இருக்கும்... பசை இருக்காது!

காரைக்கால் பகுதி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது வாசகர்களுக்குத் தெரியும். அந்த உறவு இன்னும் விட்டுப் போகவில்லை. இங்கே பல வீடுகளில் ஒரு சித்தப்பாவோ அத்தையோ பாரிஸில் இருப்பார். லீவுக்கு வரும்போது சென்ட் பாட்டில், சாக்லேட்டோடு பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானும் வரும். இந்தப் பையனுக்கு அவன் சித்தப்பா கொண்டுவந்தது ஒரு விமானம் கட்டும் பெட்டி. சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் ஒரு சட்டத்தில் கோத்தபடி இருக்கும். கிள்ளி எடுத்து, படத்தைப் பார்த்து ஒட்ட வேண்டும். ரொம்ப நல்ல விளையாட்டு. கைக்கும் கண்ணுக்கும் பயிற்சி, பொறுமையும் வரும். டி.வி.க்கும் செல்போனுக்கும் முன்னால் பிள்ளை உட்கார்ந்திருப்பதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் பெட்டியில் பசை கிடையாது. அந்தப் பசை சீக்கிரம் தீப்பற்றும் சரக்கு. விமானத்தில் பெட்டியில் வைத்துக் கொண்டுவர அனுமதி இல்லை. சித்தப்பா, "இங்கேயே வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பா கடைத்தெருவுக்குப் போய், "பிளாஸ்டிக் ஒட்டுற பசை குடுங்க" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் என்ன கொடுப்பார்? ஃபெவிக்விக்தான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கேட்டது கிடைத்தது.

நாம் எல்லோரும் செய்கிற தவறு இதுதான். 'எது நன்றாக ஒட்டும்?' என்று கேட்கிறோம். 'யார் கையால் ஒட்டப் போகிறோம்?' என்று கேட்பதில்லை.

ஆரஞ்சுத் தோல் சொல்லும் ரகசியம்

முதலில் இந்த பிளாஸ்டிக் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். இத்தகைய பொம்மைகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்படுகின்றன. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மீன் பெட்டியிலும் பள்ளிக்கூட புராஜெக்டிலும் பார்க்கிறோமே தெர்மாகோல், அதுவும் இதே பாலிஸ்டைரீன்தான். தெர்மாகோல் காற்று ஊதிய பொரி மாதிரி. விமானத் துண்டு கெட்டியாக வார்த்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கமலா ஆரஞ்சுத் தோலை மடித்து ஒரு தெர்மாகோல் துண்டின் மேல் பிழியுங்கள். பொடிப்பொடியாகத் தெறிக்கும் எண்ணெய் பட்ட இடமெல்லாம் குழி விழும். (கண்ணில் தெறிக்காமல் தள்ளிப் பிடியுங்கள். எரியும்!) தோலில் இருக்கிற லிமோனீன் என்ற எண்ணெய்ச் சத்து பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது.

மாடல் கட்டுவதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் சிமெண்ட் வேலை செய்வதும் இப்படித்தான். அது உண்மையில் பசையே இல்லை! இரண்டு துண்டுகளின் விளிம்பையும் லேசாகக் கரைத்து, ஒன்றோடொன்று கலக்க வைத்து, பிறகு தான் ஆவியாகிப் போய்விடுகிறது. இரும்புக்கு வெல்டிங் மாதிரி பிளாஸ்டிக்குக்கு இது. விரல்களை ஒட்டாது. அந்த வகையில் ஃபெவிக்விக்கைவிடச் சாது.

சாதுதான்... ஆனால் ஆவியாகிப் போகிறதே, அது எங்கே போகிறது? பிள்ளையின் மூக்குக்குத்தான்!

மூக்கு வழியே போகிற ஆபத்து

பழைய காலத்து மாடல் பசைகளில் டொலுவீன் என்ற கரைப்பான் இருந்தது. பெயிண்ட் கடைத் தின்னரில் இருப்பதும் பெரும்பாலும் அதுதான். கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் முகர்ந்தால் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, அசதி. தெரிந்தே போதைக்காக உறிஞ்சினால் மூளை கெடும்; சில சமயம் இதயத் துடிப்பு தாறுமாறாகி அந்த இடத்திலேயே உயிர் போவதும் உண்டு. அமெரிக்காவில் பிள்ளைகள் மாடல் பசையைப் போதைக்காக உறிஞ்ச ஆரம்பித்துப் பெரிய தலைவலி ஆனபோது, டெஸ்டர்ஸ் என்ற கம்பெனி 1969-ல் தன் பசையில் கடுகின் காரச் சத்தைக் கலந்தது. உறிஞ்சினால் மூக்கு எரிந்து கண்ணில் தண்ணீர் வரட்டும் என்று! கடுகு தாளிக்கிற நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த யோசனையின் அருமை உடனே புரியும்.

இன்னொன்று ஹெக்சேன். சில ரப்பர் பசைகளில், செருப்பு ஒட்டும் பசைகளில் இது இருக்கும். 1960-களில் ஜப்பானில், வீட்டிலேயே உட்கார்ந்து செருப்பு ஒட்டிக்கொண்டிருந்த பலருக்குக் கை கால் மரத்துப்போய், நடை தள்ளாடியது. காரணத்தைத் தேடினால் பசையிலிருந்த ஹெக்சேன். அது நரம்பையே அரிக்கிறது என்று அப்போது தெரியவந்தது. எங்கள் சித்த மருத்துவத்தில் இதைப் பார்த்தால் வாத நோய் என்றுதான் முதலில் நினைப்போம். அதனால் கை கால் மரத்துப்போய் வருகிறவரிடம், "என்ன வேலை பார்க்கிறீங்க? எந்த ரூம்ல உட்கார்ந்து?" என்று நான் கேட்காமல் விடுவதில்லை.

பெரியவர்களுக்கே இப்படி என்றால் குழந்தைக்கு? நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 16 தடவை மூச்சு விடுகிறோம். ஏழு வயதுப் பிள்ளை சுமார் 20 தடவை விடுகிறது. உடம்போ நம்மில் மூன்றில் ஒரு பங்கு. ஆக, அதே அறையில் அதே காற்றை மூச்சிழுத்தாலும், எடைக்கு எடை பார்த்தால் பிள்ளைக்குள் போவது அதிகம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. டொலுவீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு தவழும். நம் வீட்டில் பிள்ளை எங்கே உட்கார்ந்து விளையாடும்? தரையில் பாயை விரித்து, குனிந்து, மூக்கை வேலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு! அம்மா கட்டிலில் உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் வாசனை தெரியலையே" என்பார். அவருக்குத் தெரியாது. அவன் மூக்கு இருக்கிற உயரத்தில்தான் அது இருக்கிறது.

இப்போது நல்ல கம்பெனிகளின் மாடல் சிமெண்டில் டொலுவீனுக்குப் பதில் பியூட்டைல் அசிடேட் போடுகிறார்கள். பழுத்த பழ வாசனை அடிக்கும். முன்னதைவிடத் தேவலை. ஆனால் இதுவும் தலையைச் சுற்ற வைக்கும். நம் ஊர் வெயிலில் நெருப்பைக் கண்டால் பக்கென்று பற்றும். லிமோனீன் போட்ட சிமெண்டும் வருகிறது. ஆரஞ்சு வாசனை, எரிச்சல் குறைவு. ஆன்லைனில் கிடைக்கிறது. என்னைக் கேட்டால், குழந்தை இருக்கிற வீட்டுக்கு இதுதான் என் முதல் சிபாரிசு. அதற்காக 'ஆரஞ்சுச் சாறுதானே' என்று நினைத்துவிடாதீர்கள். சிலருக்குத் தோலில் அரிப்பு தடிப்பு வரும். விழுங்கினால் ஆபத்து. இதுவும் தீப்பிடிக்கும்.

ஐந்து ரூபாய் டியூபும் அரை நிமிஷ அவசரமும்

இனி ஃபெவிக்விக் வகையறா. இதன் சரக்குக்கு சயனோஅக்ரிலேட் என்று பெயர். 1942-ல் அமெரிக்காவில் கோடாக் கம்பெனியைச் சேர்ந்த ஹாரி கூவர் என்ற விஞ்ஞானி, துப்பாக்கியில் பொருத்தும் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தார். இது கையில் கிடைத்தது. தொட்டதையெல்லாம் ஒட்டுகிறதே என்று சலித்துத் தள்ளிவிட்டார். பல வருஷம் கழித்து, அட, அதுதானே இதன் பெருமை என்று புரிந்து, 1958-ல் கடைக்கு வந்தது.

இது காய்வதால் ஒட்டுவது அல்ல. ஈரம் பட்டதும் இறுகுகிறது. அதனால்தான் வேர்த்த விரலில் நொடியில் ஒட்டுகிறது. உடம்பில் எப்போதும் ஈரமாக இருக்கிற இடங்கள் எவை? கண், வாய், மூக்கு. புரிகிறதல்லவா?

எங்கள் கடலோர ஊரில் காற்றே ஈரம். திறந்த டியூப் மறுநாள் கல்லாகிவிடும். அதனால் என்ன செய்கிறோம்? மூடி திறக்கவில்லை என்றால் பல்லால் கடிக்கிறோம். மிச்சத்தை ஃபிரிட்ஜ் கதவில் வைக்கிறோம். அதே கதவில்தான் பாட்டியின் கண் சொட்டு மருந்தும் இருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ராத்திரி பவர் கட் ஆன நேரத்தில் கண்ணாடி போடாத பாட்டி கையை நீட்டினால்? கண் மருந்து என்று நினைத்து இந்தப் பசையை விட்டுக்கொண்டு வரும் நோயாளிகளைக் கண் ஆஸ்பத்திரிகள் எல்லா நாட்டிலும் பார்த்திருக்கின்றன. இந்தப் பத்தியைப் படித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் ஃபிரிட்ஜ் கதவை ஒருமுறை பாருங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. இந்தப் பசை பருத்தித் துணியில் கொட்டினால் சூடாகும். கை பொறுக்காத சூடு. சில சமயம் புகைகூட வரும். பிள்ளையின் காட்டன் பனியனில், டவுசரில் கொட்டினால் உள்ளே தோல் வெந்துபோகும். பசை சிந்தியதும் நாம் எதைத் தேடுகிறோம்? பழைய வேஷ்டித் துணியை! அதை எடுக்காதீர்கள். சோடா உப்பைத் தூவி உடனே கெட்டியாக்குகிற தந்திரத்தையும் பிள்ளைகள் வீடியோவில் பார்த்துவிட்டுச் செய்கிறார்கள். அதிலும் சூடும் காட்டமான புகையும் வரும். இழுப்பு இருக்கிற பிள்ளைக்கு அந்தப் புகை ஆகவே ஆகாது.

ஆக, இது பெரியவர் கையில் மட்டும் இருக்க வேண்டிய சாமான். பத்துப் பன்னிரண்டு வயது வரை குழந்தை தொடவே வேண்டாம்.

வெள்ளை ஃபெவிகால் பாவம், ஒரு கெடுதலும் செய்யாது. தண்ணீரில் கரையும், கையில் காய்ந்தால் தோலாக உரியும். (பள்ளியில் உரித்து விளையாடாதவர் யார்?) தாள், அட்டை, மரக்குச்சி, தெர்மாகோல் எல்லாவற்றுக்கும் போதும். வழவழப்பான பிளாஸ்டிக்கை மட்டும் உறுதியாகப் பிடிக்காது. ஆனால் விமானத்தின் கண்ணாடி ஜன்னலுக்கு இதுதான் நல்லது. மற்ற பசைகள் கண்ணாடியைப் பனி படர்ந்த மாதிரி ஆக்கிவிடும். அந்த வேலையைத் தாராளமாகப் பிள்ளையிடமே விடலாம்.

மற்றவை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பி.வி.சி. பைப் ஒட்டும் சொல்யூஷன், சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன், செருப்புப் பசை... மூன்றும் வேண்டாம். அரால்டைட் மாதிரி இரண்டு டியூப் கலக்கும் பசை தோலில் அலர்ஜி உண்டாக்கும். குளூ கன் வாசனை இல்லாததுதான். ஆனால் அதன் பசை கொதிக்கிற தண்ணீரைவிடச் சூடு. அது தோலில் ஒட்டினால் பிய்க்காமல் உடனே குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். பெட்ரோலில் தெர்மாகோலைக் கரைத்துப் பசை செய்கிற 'வீட்டு விஞ்ஞானம்' ஒன்றும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டவே வேண்டாம். அது பசை அல்ல, நெருப்பு.

கடலோர வாசகர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பட்டினச்சேரிப் பக்கம் இப்போது எல்லாம் ஃபைபர் படகுதான். அந்தக் காலத்தில் பலகைப் படகுக்குக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி இடுக்கில் அடைப்பார்கள். அந்த வாசனை எனக்கு இன்றும் பிடிக்கும். இப்போது ரெசின். அதன் காட்டமான நெடி ஸ்டைரீனுடையது. அதைக் கெட்டியாக்கக் கலக்கும் கேட்டலிஸ்ட் ஒரு சொட்டுக் கண்ணில் பட்டாலும் பார்வைக்கே ஆபத்து. படகு ரிப்பேர் நடக்கிற இடத்தில் காலி டப்பா பொறுக்கிப் பொம்மைப் படகு கட்ட வருகிற பிள்ளைகளைத் தயவுதாட்சண்யம் பார்க்காமல் விரட்டுங்கள்.

"இயற்கைப் பசை சொல்லுங்க டாக்டர்!"

சித்த வைத்தியரிடம் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? அன்றும் அந்த அம்மா கேட்டார். நம்மிடம் இல்லாத பசையா! கருவேலம் பிசின், முருங்கைப் பிசின், விளாம்பிசின். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்துக் காய்ச்சினால் அருமையான கூழ்ப் பசை. நான் பையனாக இருந்தபோது பட்டம் ஒட்ட நறுவிலிப் பழத்தைத்தான் தேடிப் போவோம். மூக்குச்சளிப் பழம் என்போமே, அதேதான். நசுக்கினால் கோந்து. தின்னவும் தின்போம், ஒட்டவும் ஒட்டுவோம்.

இவையெல்லாம் தாளுக்கும் துணிக்கும் சரி. பாலிஸ்டைரீனிடம் பலிக்காது. அதை மறைத்து, 'பிசினிலேயே விமானம் ஒட்டலாம்' என்று நான் எழுதினால் அது வைத்தியன் எழுத்து ஆகாது.

இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. இயற்கை என்றால் ஆபத்தில்லை என்ற நினைப்பு. எனக்கு எட்டு வயது, என் தங்கைக்கு நாலு. எங்கள் தெருவில் நோட்டுப் புத்தகம் பைண்டிங் செய்பவர் ஒருவர் இருந்தார். நவராத்திரிக் கொலுவுக்கு வண்ணத்தாள் ஒட்ட அவரிடம் ஒரு கொட்டாங்கச்சியில் மைதாப் பசை வாங்கி வந்தேன். கஞ்சி மாதிரி இருந்ததா... தங்கை ஒரு விரல் அல்ல, மூன்று நான்கு விரல் வழித்துத் தின்றுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி. பச்சையும் நீலமுமாக, மயில் கழுத்து நிறத்தில்! என் தாத்தாவும் வைத்தியர். ஒரு பார்வையில், "மயில்துத்தம்டா!" என்று கத்தினார். பூச்சி அரிக்காமல், பூசணம் பிடிக்காமல் இருக்க அந்தப் பசையில் துத்தம் கலப்பது வழக்கம். தாத்தா தன் கல்வத்தில் துத்தத்தைப் பலமுறை சுத்தி செய்து மருந்துக்கு எடுத்தவர். அதன் குணம் தெரிந்ததால்தான் தன் மருந்துப் பெட்டியைத் திறக்கவில்லை. காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டச் சொன்னார். தங்கை பிழைத்தாள். இன்று தஞ்சாவூரில் பேரன் எடுத்துவிட்டாள். கொலு வந்தால் இப்போதும் என்னை அந்தக் கதை சொல்லித் திட்டுவாள்.

பிறகு பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நஞ்சு பாடம் நடந்தபோது துத்தத்தின் குறிகுணங்களை நான் மனப்பாடம் செய்யவே தேவைப்படவில்லை.

ஆகவே சின்னப் பிள்ளைக்கு மைதாப் பசை வேண்டுமென்றால் வீட்டிலேயே காய்ச்சுங்கள். இரண்டு ஸ்பூன் மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறினால் போதும். வேறு எதுவும் சேர்க்க வேண்டாம். இரண்டு நாளில் புளித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள். கெட்டுப்போகாத பசை என்று யாராவது கொடுத்தால், ஏன் கெடவில்லை என்று கேளுங்கள்.

அந்த அப்பாவிடம் நான் சொன்னது

பெட்டியை வாங்கிப் பார்த்தேன். 'எட்டு வயதுக்கு மேல்' என்று போட்டிருந்தது. பையனுக்கு ஏழு. நம்மவர்கள், "எங்க பிள்ளை கெட்டிக்காரன்" என்று இதைக் கண்டுகொள்வதில்லை. அந்த எண் பிள்ளையின் புத்திசாலித்தனத்துக்குப் போட்ட மார்க் இல்லை. வாயில் போடாமல் இருப்பானா, சொன்னால் நிறுத்துவானா என்பதற்குப் போட்ட வயது.

ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு மாடல் வாங்குவதானால் பசையே இல்லாமல் அழுத்திப் பொருத்தும் வகை கிடைக்கிறது. ஒரு துண்டின் முளை மற்றதன் துளையில் 'டக்' என்று உட்காரும். ஜப்பான் பொம்மை ரோபோக்கள் பெரும்பாலும் இந்த வகைதான். பெரியவர்களே அதற்கு ரசிகர்கள். இங்கே கடையில் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு அது கட்டாயம். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவருவதில் அது இருக்காது.

பசை டியூபில் 'நான்-டாக்சிக்' என்று போட்டிருந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். தீச்சுடர் படம் இருந்தால் தீப்பற்றும் சரக்கு, ஆவியும் வரும். டொலுவீன், ஹெக்சேன் என்ற பெயர்கள் இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்றே போடாத டியூப் அதைவிட மோசம். 'ஏ.எஸ்.டி.எம். டி-4236' என்று ஒரு அமெரிக்க எண் போட்டிருப்பார்கள். அது பத்திரமான சரக்கு என்ற சான்று இல்லை. எச்சரிக்கை வாசகம் முறைப்படி அச்சடித்திருக்கிறது என்பதற்குத்தான் அந்த எண்.

வேலையைப் பிரித்துக்கொள்ளச் சொன்னேன். துண்டுகளைக் கிள்ளுவது, தேய்ப்பது, படம் பார்த்துத் தேடுவது, பசை இல்லாமல் பொருத்திப் பார்ப்பது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் பையன். (பெயிண்ட் என்றால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக், எனாமலும் தின்னரும் வேண்டாம்.) பசை வைப்பது மட்டும் அப்பா. பையன் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடிக்கட்டும். அப்பா தூரிகை நுனியால் இடுக்கில் ஒரு தொடு தொட்டால் போதும். பசை தானே உள்ளே ஓடிவிடும். பிறகு அந்தத் துண்டை ஜன்னல் ஓரமாக வைத்துவிட்டு இருவரும் எழுந்து போய் மோர் குடிக்கலாம். பொறுமை என்ற பாடம் அங்கேதான் நடக்கிறது.

இடம்? தரை வேண்டாம், மேஜை. எதிரெதிர் ஜன்னல் இரண்டும் திறந்திருக்க வேண்டும். ஃபேன் காற்று முதுகுப் பக்கமிருந்து வந்து ஜன்னல் வழியே வெளியே போக வேண்டும். பக்கத்தில் குத்துவிளக்கு, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள், அடுப்பு எதுவும் கூடாது. ஏ.சி. ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு செய்வது அறவே கூடாது. இழுப்பு இருக்கிற பிள்ளையும் கர்ப்பிணிகளும் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம்.

மீறி ஏதாவது ஆகிவிட்டால்...

விரல் ஒட்டினால் என்ன செய்வது என்று முதலிலேயே பார்த்துவிட்டோம். அவசரமே இல்லை. பிரியாவிட்டாலும் ஓரிரு நாளில் தோல் தானே உரிந்து விட்டுவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர் இதைக் கரைக்கும் என்பது உண்மைதான். பெரியவர் விரலுக்கு மட்டும் போடலாம். முகத்தின் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது.

உதடு ஒட்டினால் வெதுவெதுப்பான தண்ணீரால் நனைத்துக்கொண்டே இருங்கள். உள்ளிருந்து எச்சிலும் வேலை செய்யும். இழுத்துப் பிரிக்காதீர்கள்.

கண்ணில் பட்டால் உடனே வெதுவெதுப்பான சுத்தமான தண்ணீரைப் பதினைந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். இமை ஒட்டிக்கொண்டிருந்தால் திறக்க முயற்சி செய்யாதீர்கள். ஈரத் துணியால் மூடி, அப்படியே கண் டாக்டரிடம் போங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு... எதுவும் விடாதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

பிளாஸ்டிக் சிமெண்ட், தின்னர் மாதிரியானதைப் பிள்ளை விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீரும் புளித் தண்ணீரும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கூடவே கூடாது! வாந்தியாக மேலே வரும்போது அது நுரையீரலுக்குள் இறங்கினால் விழுங்கியதைவிடப் பெரிய ஆபத்து. வமனம் எங்கள் மருத்துவத்தில் ஒரு சிகிச்சைதான். ஆனால் இந்த விஷத்துக்கு அது எமன். வாயைக் கொப்பளிக்க வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, டியூபையும் கையோடு எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எங்கள் பக்கத்தவர்களுக்குக் காரைக்கால் அரசு பொது மருத்துவமனை. என்ன பசை என்று டாக்டருக்குத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நெடி ஏறித் தலை சுற்றினால் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் தெளியவில்லை என்றால் அதற்கும் ஆஸ்பத்திரிதான்.

பெரிய பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒன்று. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன் அறையில் பசை டியூபோ பஞ்சர் சொல்யூஷனோ அளவுக்கு மீறி இருக்கிறதா? துணியில், பிளாஸ்டிக் பையில் அந்த வாசனை வருகிறதா? வாயைச் சுற்றிப் புண், எப்போதும் ஒரு மந்தம்? அடிக்காதீர்கள், ஊரைக் கூட்டாதீர்கள். அன்றைக்கே ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அந்தப் பையன் மூன்று வாரம் கழித்து வந்தான். கையில் செருப்புப் பெட்டி. திறந்தால் விமானம்! இடது இறக்கை கொஞ்சம் தொங்கியிருந்தது. "அது அப்பா ஒட்டினது" என்றான். ஜன்னல் கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருந்தது. அது இவன் ஃபெவிகாலில் ஒட்டியது. அடுத்து சித்தப்பா கப்பல் வாங்கி வருகிறாராம். "அழுத்திப் பொருத்துறதா, ஒட்டுறதா?" என்று கேட்டேன். "ஒட்டுறதுதான் தாத்தா. அப்பாகிட்ட சொல்லியாச்சு, ஆரஞ்சுப் பசை வாங்கணும்னு" என்றான்.